அந்தத் துறவி ஏன் வாய் திறக்கவில்லை?

கேள்வி: நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு விழாவுக்காக ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தைச் சுருக்கித் தமிழில் மேடையேற்றுகிறோம். காதலர்களுக்கு இரகசியமாக மணம் செய்து வைக்கும் லாரன்ஸ் துறவியாக நடிக்கும் மாணவன் ஒத்திகையில், “நான் நல்லவனா கெட்டவனா என்று தெரியாமல் எப்படி நடிப்பது? இத்தனை சாவுக்கும் இந்தச் சாமியார்தானே காரணம்?” என்று கேட்டான். விதிதான் காரணம் என்று பதில் சொன்னேன். அது அவனுக்கும் நிறைவு தரவில்லை, எனக்கும் தரவில்லை. இதற்கிடையில், நேரம் போதாது என்பதால் இறுதிக் காட்சியில் துறவி பேசும் நீண்ட உரையை நீக்கிவிடலாம் என்று உடன் பணியாற்றுபவர்கள் சொல்கிறார்கள். அந்த மாணவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? அந்த உரையை நீக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த உரையை நீக்காதீர்கள். ஏன் என்பது முதல் கேள்விக்கான பதிலின் இறுதியில்தான் விளங்கும் என்பதால், சற்றுப் பொறுத்து வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

விதி என்று நீங்கள் சொன்னதில் தவறில்லை. நாடகத்தின் முன்னுரைப் பாடலே இக்காதலர்களைக் கோள்கள் பகைத்துக்கொண்டவர்கள் என்றுதான் அறிமுகம் செய்கிறது. ஆனால் கல்லறையில் ஜூலியட் கண் விழித்ததும் அவளிடம் அந்தக் காரணத்தைச் சொல்பவர் யார் என்று பாருங்கள். நம்மால் எதிர்த்து நிற்க முடியாத ஒரு பெரிய ஆற்றல் நம் எண்ணத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர் லாரன்ஸ் துறவியேதான். நடந்ததில் தமக்கிருந்த பங்கை எண்ணிப் பார்க்க அவருக்கு அவகாசமில்லாத நொடியில் வாயில் வந்த சொல் அது. அதையே மாணவனிடம் விடையாகக் கொடுத்தால், அவன் நடிக்க வேண்டிய மனிதர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட சமாதானத்தை அவனிடம் கொடுத்தது போலாகிவிடும். அவனுக்குத் திருப்தி ஏற்படாததில் வியப்பில்லை.

அவர் கெட்டவர் அல்லர் என்பதை அவனிடம் உறுதியாகச் சொல்லுங்கள். இதை நான் இரக்கத்தால் சொல்லவில்லை. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்துக்கொண்ட மூலம், ஆர்தர் புரூக் என்பவர் 1562இல் வெளியிட்ட நீண்ட கவிதை. அதன் முன்னுரையில் புரூக், பெற்றோரை மதிக்காமல் வம்புக்காரக் கிழவிகளிடமும் மூடநம்பிக்கை கொண்ட துறவிகளிடமும் யோசனை கேட்டு அழிந்த காதலர்களின் கதை இது என்று கடுமையாக எழுதினார். இங்கிலாந்தில் துறவு மடங்கள் 1530களிலேயே மூடப்பட்டுவிட்டன. ஷேக்ஸ்பியரின் அவையினருக்கு, லாரன்ஸ் சார்ந்த பிரான்சிஸ்கன் சபையின் துறவி என்றாலே ஐயத்துடன் பார்க்கும் பழக்கம் இருந்திருக்கும். மேடையில் ஒரு கபடத் துறவியைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது அன்று எளிது. ஷேக்ஸ்பியர் அதைச் செய்யவில்லை. விடியற்காலையில் கூடையுடன் மூலிகை பறிக்கும் முதியவராக அவரை அறிமுகம் செய்கிறார். ஒரு சிறு பூவைக் கையில் வைத்துக்கொண்டு, இதன் மணம் உடலுக்கு நன்மை செய்யும், இதைச் சுவைத்தாலோ இதயம் நின்றுவிடும், நற்பண்பும் தவறான இடத்தில் பயன்பட்டால் தீமையாக மாறும் என்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் ரோமியோ உள்ளே வருகிறான். உங்கள் மாணவனுக்கு இந்தத் தனிமொழியை முழுமையாகக் கொடுங்கள். தமக்கு என்ன நேரப்போகிறது என்பதை அவரே, தெரியாமல், பூவைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

இனி அவர் செய்தவற்றைப் பார்க்கலாம். ரோமியோ திருமணத்துக்கு உதவி கேட்கும்போது, நேற்றுவரை ரோசலினுக்காக அழுதாயே, அந்தக் கண்ணீரின் கறைகூட உன் கன்னத்தில் காயவில்லையே என்று அவர் கடிந்துகொள்கிறார். இந்தக் காதலின் ஆழத்தில் அவருக்கு நம்பிக்கை பிறந்ததாக நாடகத்தில் ஒரு சொல்லும் இல்லை. பிறகு ஏன் ஒப்புக்கொள்கிறார்? காரணத்தை அவரே சொல்கிறார்: இந்த இணைப்பு இரு குடும்பங்களின் பகையை அன்பாக மாற்றக்கூடும். இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி, மாணவர்களைச் சிறிது நேரம் யோசிக்கச் செய்யுங்கள். ஆன்ம குருவாக அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த இருவரும் இத்திருமணத்துக்கு ஆயத்தமாக இருக்கிறார்களா என்பது. அவர் கேட்டுக்கொண்டதோ, இத்திருமணத்தால் அவர்கள் வாழும் வெரோனா நகருக்கு அமைதி கிடைக்குமா என்பது. நல்ல நோக்கம்தான், ஆனால் ஜூலியட்டின் தந்தை கப்புலெட்டும் ரோமியோவின் தந்தை மான்டேகியூவும் முதிர்ந்த வயதில் சுமக்க வேண்டிய பாரத்தை அவர் இரண்டு பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிடுகிறார். ஜூலியட்டுக்குப் பதினான்கு வயதுகூட நிறையவில்லை. மூலக்கவிதையில் பதினாறாக இருந்ததை ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்.

மெதுவாகவும் அறிவோடும் நட, ஓடுகிறவர்கள்தான் இடறி விழுவார்கள் என்று ரோமியோவுக்கு அறிவுரை கூறும் அதே மனிதர், அன்று பிற்பகலிலேயே மணத்தை முடித்து வைக்கிறார். மணச் சடங்குக்கு முன்பு, நெருப்பும் வெடிமருந்தும் முத்தமிட்டு அழிவதைப் போல வேகமான இன்பங்கள் வேகமாகவே முடியும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். எச்சரித்துவிட்டு, உங்களைத் தனியே விட முடியாது என்று சொல்லி அவசர அவசரமாக அழைத்துப் போகிறார். இந்த முரணை அந்த மாணவன் மறைக்கவே கூடாது. வாய் நிதானத்தைப் போதிக்க, கால் அவசரமாக நடக்கட்டும்.

உங்கள் மாணவனின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த மனிதர் ஏன் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை? பாதிரியார் என்றால் இரகசியம் காக்க வேண்டும் அல்லவா என்று வகுப்பில் பலர் சொல்வார்கள். என்னுடைய வகுப்புகளில் கிறித்தவ மாணவர்கள்தான் இதை முதலில் சொன்னார்கள். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவங்களைப் பாதிரியாரிடம் அறிக்கையிடும் சடங்கில், கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது என்பது 1215ஆம் ஆண்டில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் உறுதிப்படுத்திய சட்டம். ஆனால் லாரன்ஸ் மறைத்தது பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட செய்தி அன்று, அவரே நடத்தி வைத்த திருமணம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஜூலியட் வந்தாள் என்பதால், அந்த அருட்சாதனம் இங்கே ஒரு திரையாகப் பயன்பட்டது, அவ்வளவே. திருமணமோ இயல்பாகவே ஊரறிய நடக்க வேண்டியது. நம் ஊர்த் தேவாலயங்களில் மூன்று வாரம் ஓலை வாசிப்பது, அதாவது மணத்தை முன்கூட்டியே அறிவிப்பது, இந்த மணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று எல்லாரையும் கேட்பதற்காகத்தான். இரகசியத் திருமணங்களால் விளைந்த குழப்பங்களைக் கண்டு, திரெந்து பொதுச்சங்கம் 1563இல், பங்குத்தந்தையும் இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்றே விதித்தது. இங்கிலாந்திலோ 1753ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, இருவர் தமக்குள் சொல்லிக்கொண்ட மணவாக்கேகூட அவர்களைக் கட்டுப்படுத்தியது. எனவே அன்றைய லண்டன் அவையினருக்கு இந்த மணம் உண்மையான மணம். அதை மறைத்தால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அவர் வாய் திறந்திருக்கக்கூடிய இடங்களுள் மிக முக்கியமானது நான்காம் அங்கத்தின் முதல் காட்சி. அங்கே ஜூலியட்டுக்கு அவள் தந்தை பார்த்த மாப்பிள்ளை பாரிஸ் வந்து, வியாழக்கிழமை எனக்கும் ஜூலியட்டுக்கும் திருமணம், நீங்கள்தான் நடத்தி வைக்க வேண்டும் என்கிறான். ஏற்கெனவே மணமான பெண்ணுக்கு இன்னொரு மணம் செய்து வைப்பது பெரும் பாவம் என்பது லாரன்ஸைவிட அந்த அறையில் யாருக்குத் தெரியும்? அவள் மணமானவள் என்ற ஒரே வாக்கியம் போதும். அவர் சொல்வதோ, காலம் மிகக் குறைவாக இருக்கிறதே என்பது. அதைத் தொடர்ந்து, ஏன் தாமதிக்க வேண்டும் என்ற காரணம் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று தமக்குள்ளே சொல்லிக்கொள்கிறார். அந்த ஒரு வரியில் அவருடைய முழு அச்சமும் இருக்கிறது. உங்கள் மாணவன் அதை அவையைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். பாரிஸின் முகத்திலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்துச் சொல்லட்டும்.

அதே நேரத்தில், அவருடைய நிலையில் வாய் திறப்பது எளிதாக இருந்தது என்று மாணவர்கள் நினைத்துவிடவும் கூடாது. ரோமியோ ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டைக் கொன்று நாடு கடத்தப்பட்டவன். வெரோனாவில் கண்டால் அவன் உயிர் போகும். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் தெருவில் கிடந்து சாகலாம் என்று மகளைத் திட்டித் தீர்த்தவர் கப்புலெட். அதுவரை துணையாக இருந்த செவிலியும், பாரிஸையே மணந்துகொள் என்று சொல்லிவிட்டாள். ஜூலியட்டுக்கு இந்தத் துறவியைத் தவிர வேறு யாருமில்லை. அவள் கையில் கத்தியுடன் நிற்கிறாள், வழி சொல்லாவிட்டால் இப்போதே குத்திக்கொள்வேன் என்கிறாள். இந்த நெருக்கடியில்தான் நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்தை அவர் எடுக்கிறார். ஒரு சிறுமியின் உயிரை அந்தக் கணத்தில் காப்பாற்ற அவர் நினைத்தார் என்பதை நான் மனமார நம்புகிறேன். ஆனால் அவர் எடுத்த வழி, முதல் இரகசியத்தைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய இரண்டாவது இரகசியத்தை உண்டாக்கும் வழி.

அந்த இரண்டாவது இரகசியம் எப்படிக் கை நழுவியது என்பதை மாணவர்களுடன் வரி வரியாகப் படியுங்கள். பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி அங்கே இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில் நாடு கடத்தப்பட்ட ரோமியோவை மாண்டுவா நகருக்கு அனுப்பும்போது, உன்னுடைய ஆளைத் தேடிப் பிடித்து, இங்கே நடக்கும் நல்ல செய்திகளையெல்லாம் அவன் வழியாக அவ்வப்போது உனக்குத் தெரிவிப்பேன் என்று துறவி வாக்களிக்கிறார். அந்த ஆள் ரோமியோவின் பணியாள் பால்தசார். ஆனால் ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று ரோமியோவுக்குக் கடிதம் எழுத வேண்டிய நேரம் வந்தபோது, அவர் பால்தசாரைத் தேடவில்லை; தம் சபையைச் சேர்ந்த ஜான் என்ற துறவியிடம் கொடுத்து அனுப்புகிறார். ஒன்றும் அறியாத பால்தசார், ஜூலியட்டைக் கல்லறையில் வைத்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, குதிரையேறி மாண்டுவாவுக்கு விரைகிறான். ரோமியோ அவனிடம், துறவி கடிதம் தரவில்லையா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறான். அவன் காத்திருந்தது அந்த வாக்கை நம்பித்தான். ஜான் துறவியோ, பயணத் துணைக்கு இன்னொரு சகோதரரைத் தேடிப் போன இடத்தில், கொள்ளைநோய் கண்ட வீடு என்று ஐயுற்ற நகரக் காவலர்கள் கதவை அடைத்து முத்திரையிட்டுவிட, வெளியே வரவே முடியாமல் போகிறார்.

கொள்ளைநோய் விதிதான், அதற்கு லாரன்ஸ் பொறுப்பல்லர். கப்புலெட் மகிழ்ச்சி மிகுதியில் திருமணத்தை வியாழனிலிருந்து புதனுக்கு முன்கூட்டியே மாற்றியதும், அதனால் ஜூலியட் ஓர் இரவு முன்னதாகவே மருந்தைக் குடிக்க நேர்ந்ததும் அவர் கையில் இல்லை. மூலக்கவிதையில் பல மாதங்களாக விரிந்த கதையை ஷேக்ஸ்பியர் ஐந்தாறு நாள்களுக்குள் சுருக்கியிருக்கிறார்; தவறைத் திருத்திக்கொள்ள ஒரு பகல்கூட மிஞ்சாதபடி செய்ததுதான் அந்தச் சுருக்கத்தின் பயன். ஆனால் விபத்து ஒன்று நேர்ந்தால் தாங்குவதற்கு அந்தத் திட்டத்தில் இன்னொரு மனிதர் இருந்திருக்க வேண்டும். இருவர் உயிர் ஒரே கடிதத்தில் இருந்தது. கடிதம் திரும்பி வந்த பிறகும் அவர் யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை. கடப்பாரை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இனி நான் தனியாகவே கல்லறைக்குப் போக வேண்டும் என்கிறார். அந்தத் ‘தனியாக’ என்ற சொல்லை உங்கள் தமிழாக்கத்தில் விட்டுவிடாதீர்கள்.

மாணவன் நடிக்க மிகக் கடினமான இடம் வேறொன்று. ஜூலியட் இறந்துவிட்டதாக எண்ணி வீடே அலறும்போது துறவி நடுவில் நின்று, அமைதியாகுங்கள், அவள் இப்போது முழுவதும் விண்ணுலகுக்கு உரியவள், அங்கே அவள் நலமாக இருக்கும்போது நீங்கள் அழலாமா என்று தேற்றுகிறார். அவள் உயிரோடு இருப்பதை அறிந்த ஒரே மனிதர் அவர். ஆறுதல் சொல்வது அவருடைய அன்றாடக் கடமை. அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வேறொரு நாளில் உண்மையாக இருந்திருக்கும். பல இயக்குநர்கள் இதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். தாயின் அழுகையை அவன் ஒருமுறையாவது நிமிர்ந்து பார்க்கட்டும். அவனுடைய குரல் எங்கே தடுமாறுகிறது என்பதை அவனே கண்டுபிடிப்பான்.

ஜூலியட்டுக்கே ஒரு கணம் ஐயம் வருகிறது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை ரோமியோவுக்கு மணம் செய்து வைத்தது வெளியே தெரிந்தால் தமக்கு இழுக்கு என்று இந்தத் துறவி விஷம் கொடுத்திருந்தால் என்ன செய்வது என்று அவள் நடுங்குகிறாள். இல்லை, அவர் தூயவர் என்று உடனே தேற்றிக்கொள்கிறாள். உங்கள் மாணவன் கேட்ட கேள்வியை, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, அவரை மிகவும் நம்பிய பெண் கேட்டுவிட்டாள். அவள் கண்ட விடை சரி. அவர் விஷம் கொடுக்கவில்லை. ஆனால் இழுக்குக்கு அஞ்சியவர் என்று அவள் ஐயுற்றதில் சிறிதளவு உண்மை இருந்தது. அது கல்லறையில் வெளிப்படுகிறது.

முதிய கால்களால் கல்லறைகளில் இடறி இடறி அவர் வந்து சேர்கிறார். ஓடுகிறவர்கள் இடறுவார்கள் என்று சொன்னவர் இப்போது தாமே இடறுகிறார். ஜூலியட் இறந்துவிட்டாள் என்று நம்பி நஞ்சருந்திய ரோமியோவும், அங்கே அவனுடன் மோதி மாண்ட பாரிஸும் இறந்து கிடக்கிறார்கள். ஜூலியட் விழிக்கிறாள். வா, உன்னைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார்; காவலர் வரும் ஓசை கேட்கிறது; இனியும் நிற்க எனக்குத் துணிவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு நாள் முன்பு கத்தியோடு தம்முன் நின்றவளை, கணவனின் பிணத்தருகே, அவனுடைய குத்துவாள் எட்டும் தொலைவில் விட்டுவிட்டுப் போகிறார். இந்த நாடகத்தில் அவர் செய்தவற்றுள் நான் மன்னிக்கச் சிரமப்படுவது இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் நல்லெண்ணத்தின் பிழைகள். இது அச்சம். மாணவனிடம் இதை மழுப்பாமல் சொல்லுங்கள்; நல்லவர் ஒருவர் ஒரு நிமிடம் கோழையாக இருந்தார் என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்வான்.

இப்போது நீங்கள் நீக்க நினைக்கும் உரைக்கு வருகிறேன். காவலர் அவரைப் பிடித்து வருகிறார்கள். அவர் நடுங்கி, பெருமூச்செறிந்து, அழுதுகொண்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன் என்று தொடங்கி, ஏறத்தாழ நாற்பது வரிகளில் நடந்ததை முழுவதும் சொல்கிறார். அவையினருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதால் இதை வெட்டுவது நெடுங்கால வழக்கம். நானும் மாணவர்களைக் கொண்டு முதன்முறை இந்நாடகத்தை மேடையேற்றியபோது வெட்டினேன். அந்தக் குறையை அன்றிரவே அரங்கில் உணர்ந்தேன், இன்றும் வருந்துகிறேன். நமக்குத் தெரியும் என்பது உண்மை. மேடையில் நிற்கும் பெற்றோருக்குத் தெரியாதே! தம் மகள் மணமானவள் என்பதைக் கப்புலெட் இந்த வரிகளில்தான் முதன்முதலாகக் கேட்கிறார். டிபால்ட்டுக்காக அழுகிறாள் என்று எண்ணி அவசரமாகத் திருமணம் ஏற்பாடு செய்தோமே, அவள் அழுதது கணவனுக்காக என்பதை அவர் அப்போதுதான் அறிகிறார். அன்றிரவே மனைவியைத் துயரத்தில் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கும் மான்டேகியூவும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாரிஸின் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தைத் துறவி இங்கே, காப்பாற்ற யாரும் மிஞ்சாத இடத்தில் சொல்கிறார். என் தவறால் எதுவும் கெட்டிருந்தால், சட்டத்தின் முழுக் கடுமைக்கும் என் முதிய உயிரைப் பலியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறார். விதி என்ற சொல்லை அரைமணி நேரத்துக்கு முன் உதிர்த்தவர், இப்போது என் தவறு என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கப்புலெட் கையை நீட்டி, மான்டேகியூ, என் சகோதரனே என்று அழைப்பது இதற்குப் பிறகுதான். இந்த உரை இல்லாவிட்டால், இரண்டு கிழவர்கள் காரணமே இல்லாமல் கை குலுக்குவது போலத் தோன்றும்.

நேரம் உண்மையாகவே போதாவிட்டால், பணியாளர்களின் கேலிப் பேச்சையும், நான்காம் அங்கத்தில் இசைக்கலைஞர்கள் பேசும் பகுதியையும் எடுத்துவிடுங்கள். உரையையும் இருபது வரிகளாக்கலாம். ஆனால் மணம், மருந்து, கடிதம், நான் ஓடிப்போனேன் என்பது, என் தவறு என்பது ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். மாணவன் அதை வெரோனாவை ஆளும் இளவரசரைப் பார்த்துப் பேசத் தொடங்கட்டும். சட்டப்படி கேட்பவர் அவர்தாம். மணத்தைச் சொல்லும் வரியில் அவன் கப்புலெட் தம்பதியர் பக்கம் திரும்பட்டும், அதன் பிறகு மீண்டும் இளவரசரைப் பார்க்க வேண்டாம். கண்ணீர் வேண்டாம், பல நாள் மறைத்ததை ஒரே மூச்சில் சொல்பவனின் வேகம் போதும்.

உன்னைத் தூயவராகவே என்றும் அறிந்திருக்கிறோம் என்று இளவரசர் அவரைத் தண்டிக்காமல் விடுகிறார். சிலர் மன்னிக்கப்படுவார்கள், சிலர் தண்டிக்கப்படுவார்கள் என்று கடைசியில் சொல்லும்போதும், லாரன்ஸ் எந்தப் பக்கம் என்று பெயர் சொல்வதில்லை. புரூக்கின் கவிதையில் அவர் நகருக்கு வெளியே ஒரு குடிலுக்கு ஒதுங்கி ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து இறக்கிறார். ஷேக்ஸ்பியர் அதையும் எடுத்துவிட்டார். உரைக்குப் பிறகு துறவிக்கு வசனமே இல்லை. ஆகவே உங்கள் மாணவன் மேடையின் ஓரத்துக்குப் போய்விட வேண்டாம். தந்தையர் இருவரும் பொற்சிலை எழுப்புவது பற்றிப் பேசும்போது, அவன் ஜூலியட் கிடக்கும் இடத்தருகே, முன்பு விட்டுப் போன அதே இடத்தில், எல்லாரும் வெளியேறும்வரை நின்றுகொண்டிருக்கட்டும்.